ஆள்காட்டிக்கு 14

"அண்ணே, பழைய விரலையே வைங்கண்ணே" என்றார் எச்.ஆர். பெண், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

நம்மவர் பதில் சொல்லவில்லை. இடக்கையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார், உடனே குனிந்துகொண்டார்.

ஒரகடத்தில் கார்களுக்குத் தகட்டு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஆலையின் வாசல் அது. சுவரில் வருகைப்பதிவு இயந்திரம் பச்சை விளக்கோடு காத்திருந்தது. அதற்குத் தெரிந்த நம்மவர் ஓர் இடது ஆள்காட்டி விரல்தான். வலக்கையில் எப்போதும் டிபன் பை தொங்கும் என்பதால், வேலையில் சேர்ந்த அன்று அந்த விரலைத்தான் பதிந்திருந்தார்கள். 2022-இல் அதே ஆலையின் பவர் பிரஸ்ஸில் அதுவும் பக்கத்து நடுவிரலும் போய்விட்டன. ஐந்து மாதம் கழித்து மனிதர் வந்துவிட்டார், விரல் வரவில்லை. ஆகவே இயந்திரத்தின் கணக்கில் அவர் இன்னும் லீவு.

புது மிஷின் வரும்வரை நோட்டில் கையெழுத்துப் போடட்டும் என்று முடிவாயிற்று.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் டை இறங்கும். டை இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. டார்கெட் நெருக்கும்போது ஒரு பட்டனில் அட்டையை மடித்துச் சொருகிவிட்டால் ஒரு கை மிச்சமாகும், மணிக்கு நூறு பீஸும் கூடும். ஆடிட் வரும் நாளில் மட்டும் அட்டைக்கு விடுமுறை. மற்ற நாளெல்லாம் அது நிரந்தரத் தொழிலாளி. நம்மவர் அப்போது நிரந்தரமில்லை.

ஒரகடத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் விரல்களுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. அந்த ஊரில் பிறந்த ராமானுஜர் திருவரங்கம் போய்ச் சேர்வதற்குள் வைணவ ஆசாரியர் ஆளவந்தார் பரமபதித்துவிட்டார். திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. ராமானுஜர் மூன்று சபதங்களைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு விரலாக நிமிர்ந்ததாக வைணவர்கள் சொல்வார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம் வளர்ந்த நம்மவருக்கு இந்தக் கதை சின்ன வயதிலிருந்தே தெரியும். மூன்று விரலுக்கு அரசாங்கம் என்ன மதிப்புப் போட்டிருக்கிறது என்பது மட்டும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் மருத்துவ வாரியத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 30 சதவீதம்.

விலைப்பட்டியல் என்றால் அடிக்க வருவார்கள். சட்டத்தில் அதன் பெயர் அட்டவணை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் வந்தது, இ.எஸ்.ஐ. சட்டம் 1948-இல். இரண்டிலும் எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போகும் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். கட்டைவிரல் 30. ஆள்காட்டி முழுசாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. எலும்பு போகாமல் நுனி மட்டும் துண்டானால் அதற்குத் தனி விலை, ஆள்காட்டிக்கு 5. அந்த வரியில் 'கில்லட்டின்' என்ற சொல்லே இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியில் மன்னனின் தலைக்கு வந்தது இங்கே விரல் நுனியோடு போயிருக்கிறது.

நம்மவர் பள்ளியில் கணக்கில் கெட்டி. பதினான்கும் பன்னிரண்டும் இருபத்தாறு என்று வாசலிலேயே கூட்டி வைத்திருந்தார். வாரியம் 20 என்று எழுதியது. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20 என்று அட்டவணையில் தனி வரி இருக்கிறது. மொத்தமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்பது ஸ்ரீபெரும்புதூர் சந்தைக்கு மட்டுமான வழக்கம் இல்லைபோலும்.

ஏகலைவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? கட்டைவிரல், வலது கை, சந்தேகமில்லாமல் 30. ஆனால் துரோணரின் பதிவேட்டில் அவன் பெயரே இல்லை. அவருடைய மண்சிலையை வைத்துத் தானாகக் கற்றுக்கொண்டவன். அப்ரண்டிஸ் என்று சொல்லி வழக்கை முடித்திருப்பார்கள். சிரிக்கிற விஷயமில்லை. சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019 முதல் 'க்ரஷ்டு' என்ற தலைப்பில் வெளியிடும் அறிக்கைகள், ஹரியானா பக்கம் வாகன உதிரிபாக ஆலைகளில் விரல் இழந்தவர்களைப் பற்றியே தொடங்கின. பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டை விபத்துக்குப் பிறகுதான் கிடைத்தது என்கின்றன அவை. கை போன பிறகு கைக்கு வந்த அட்டை.

நம்மவருக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். அட்டை முன்பே இருந்தது. சம்பளம் 18,000, அதில் முக்கால் சதவீதம், அதாவது மாதம் 135 ரூபாய் பிடித்தம். அதைப் பார்த்து மாதாமாதம் முணுமுணுத்த வாய்தான் பிறகு அதே 135-ஐ வாழ்த்தியது. ஊனத் தொகைக் கணக்கு இது: ஒருநாள் சம்பளம் 600, அதில் 90 சதவீதம் 540, அதில் 20 சதவீதம் 108. முப்பது நாளைக்கு 3,240 ரூபாய், ஆயுள் முழுக்க. ஆயுள் இருக்கிறது என்பதற்கு அவ்வப்போது சான்று மட்டும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் தெருவுக்குப் பிடிபடாத ஒரு விஷயம் இருந்தது. நம்மவர் வேலைக்கும் போகிறார், ஊனத் தொகையும் வாங்குகிறார். "ரெண்டு பக்கமும் வாங்கறியேப்பா, மாட்டிக்கப் போறே" என்று டீக்கடைப் பெரியவர் ஒருவர் காதோடு காதாக எச்சரித்தார். நம்மவருக்கே கொஞ்ச நாள் பயம்தான், பேங்க் மெசேஜ் வந்தால் சத்தம் வராமல் வைத்துக்கொள்வார். உண்மையில் இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அது சம்பாதிக்கும் திறனில் போன பங்குக்கான ஈடு, வேலை இல்லாததற்கான உதவி இல்லை. மிச்சத் திறனை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் உழைக்கலாம். நம்மவரும் உழைத்தார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றி, பீஸ்களைப் பத்துப் பத்தாக எண்ணிக் கட்டும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். எட்டு விரலை வைத்துக்கொண்டு பத்து எண்ணுவதில் ஆலையிலேயே பிழை விடாதவர் அவர்தான்.

டீக்கடைப் பெரியவரே இன்னொரு யோசனையும் சொன்னார்: "மாற்றுத்திறனாளி அட்டை வாங்கு, பஸ்ஸு ஃப்ரீ." சரி என்று ஒரு முகாமுக்குப் போனார். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது, ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு வாசற்படி 40 சதவீதம். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பதுக்கு வெகு கீழே. தனித்துவ அடையாள அட்டையில் மூன்று நிறக் கோடுகள் உண்டு: எண்பதும் அதற்கு மேலும் நீலம், நாற்பதிலிருந்து அதுவரை மஞ்சள், நாற்பதுக்குக் கீழே வெள்ளை. நம்மவர் வெள்ளை. ஒரு அலுவலகம் அவருக்கு நிரந்தர ஊனம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது, இன்னொன்று உமக்கு அவ்வளவெல்லாம் இல்லை என்று அனுப்பிவிட்டது. தமிழ்நாடு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளி'க்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நம்மவர் இன்னும் பழைய சொல்லிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார்.

வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் வெள்ளைக் கோட்டுக்கு இடமில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய உதவியாளருக்கும் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. வீட்டம்மா பத்து விரலோடு இலவசமாகப் போகிறார், பக்கத்தில் எட்டு விரலோடு நம்மவர் சில்லறை தேடுகிறார். "நீங்க எனக்கு உதவியாளர்னு சொல்லிப் பாக்கலாமா?" என்று அந்த அம்மா ஒருமுறை கேட்டார்.

முகாமில் பக்கத்து நாற்காலிக்காரர் மஞ்சள், இரண்டு காலிலும் போலியோ. ஒரு காலை மட்டும் அது விட்டுவைத்திருந்தால் அரசின் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் கிடைத்திருக்காது என்று சொல்லிச் சிரித்தார். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருவாய்த்துறை வழங்கும் மாத உதவி 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆனது. ஆந்திராவில் 2024 ஜூலை முதல் 6,000. மத்திய அரசின் தேசியத் திட்டத்தில் அதன் பங்கு 2012-லிருந்து அதே 300, அதுவும் 80 சதவீதம் இருந்தால்தான். நாளைக்குப் பத்து ரூபாய் ஆகிறது. "ஒரகடம் கூட்டுரோட்டுல அந்தக் காசுக்கு டீ கெடைக்காது. கிளாஸ் கழுவுற தண்ணி வேணா தருவான்" என்றார் மஞ்சள்காரர். இந்தத் தொகைக்குப் பெயர் ஓய்வூதியம். வேலையே கொடுக்காமல் ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு உலகத்தில் வேறெங்காவது உண்டா என்பது அவருடைய அடுத்த கேள்வி.

நம்மவரைத் திகைக்க வைத்தது 2024 ஏப்ரல் 19. நாடாளுமன்றத் தேர்தல், ஸ்ரீபெரும்புதூர் தொகுதி. வாக்குச்சாவடியில் மை வைப்பவர் இடது ஆள்காட்டியைத் தேடினார், காணோம். நம்மவர் வழக்கம்போல் சங்கடப்படத் தயாரானார். அந்த மனிதரோ துளியும் தயங்காமல் மோதிர விரலைப் பிடித்து ஒரு கோடு இழுத்துவிட்டு, "அடுத்து" என்றார். 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் எல்லாம் இருக்கிறதாம். இடது ஆள்காட்டி இல்லையென்றால் அந்தக் கையின் வேறு விரல். அந்தக் கையில் ஒன்றுமே இல்லையென்றால் வலது ஆள்காட்டி, அதுவும் இல்லையென்றால் வலக்கையின் வேறு விரல். பத்துமே இல்லையென்றால் இருக்கும் கையின் நுனி. வருகைப்பதிவு மிஷினுக்கு இரண்டு வருடமாகப் புரியாததை அறுபது வருடம் முன்பே யாரோ ஒரு குமாஸ்தா உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். அவர் பெயர் தெரிந்தால் நம்மவர் அவருக்கு ஒரு மாலை போடுவார்.

அந்தத் தேர்தல் முடிந்த மாதமே புது மிஷினும் வந்தது. எச்.ஆர். பெண் இந்த முறை எழுந்து நின்று வரவேற்றார்.

"அண்ணே, கட்டைவிரல் வைங்க. அதுதான் நல்லா விழும்."

நம்மவர் வலக்கையை மேசைமேல் விரித்து வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். கட்டைவிரல் முப்பது, ஆள்காட்டி பதினான்கு, நடுவிரல் பன்னிரண்டு, மோதிர விரல் ஏழு.

"வேணாம்மா. எந்த மிஷினா இருந்தாலும் இனி இதுதான்" என்று சுண்டுவிரலை நீட்டினார்.