பெயர் வைக்க முடியாத இசை: கேள்வி பதில்

(ஒரு இசை ஆல்பம் ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் மாற்றும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த வாரப் பதில்கள்.)

ஒரு ஆல்பம் வாழ்க்கையை மாற்றும் என்பதெல்லாம் மிகைதானே?
*திருச்சி வாசகர்*

வேலை வாங்கித் தராது; கடனை அடைக்காது; கல்யாணம் பேசி முடிக்காது. காதை மாற்றும். காது மாறினால், அதன் வழியாக உள்ளே வருகிற மனிதர்கள் எல்லோரும் வேறு மாதிரி வருவார்கள். அதற்கு மேல் ஒரு வாழ்க்கை மாற என்ன வேண்டும்?

உங்கள் காதை மாற்றியது எது?
*கும்பகோணம் வாசகி*

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-இல் வந்தது, சினிமாவுக்கு வெளியே அவர் செய்த முதல் ஆல்பம். 'எப்படிப் பெயர் வைப்பது?' என்று அவரே கேட்டுவிட்டார்.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. பஸ் காசை மிச்சம் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வந்து, அந்தக் கேசட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து போட்டால் எஸ்.பி.பி.யும் இல்லை, ஜானகியும் இல்லை. பாட்டே இல்லை! ஓடிப்போய்க் கடையில் மாற்றித் தரக் கேட்டேன். "பிரிச்ச கேசட்டை எடுத்துக்க மாட்டோம் தம்பி" என்றார்கள். இன்னொன்று வாங்கக் காசில்லை. வேறு வழியின்றி அதையே கேட்டேன். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தபோது, மேலே வயலின் ஒரு வழியில் போக, கீழே கனத்த குரலில் இன்னொரு வாத்தியம் தன் வழியில் போவது கேட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் டீக்கடை ரேடியோவில் நூறு முறை கேட்ட சினிமாப் பாட்டு ஓடியது. அதில் பேஸ் கிதார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

இசை படிக்காதவனுக்குப் புரிகிற மாதிரி, அதில் என்ன விசேஷம் என்று சொல்ல முடியுமா?
*விருதுநகர் வாசகர்*

பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் கையில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் பாதையில்தான் சுற்றி ஆடுவாள். யாரும் யாருக்குப் பின்னாலும் ஒளியவில்லை. மேலே நிமிர்ந்து பார்த்தால் சடை பின்னியிருக்கும். மேற்கத்திய இசையில் 'கவுன்டர்பாயின்ட்' என்பது அதுதான்: இரண்டு மூன்று மெட்டுகள், ஒவ்வொன்றும் தனியே கேட்டாலும் முழுமையாக நிற்கும், சேர்த்துக் கேட்டாலும் பொருந்தும். ஒரு மெட்டு தொடங்கி, சற்றுப் பொறுத்து இன்னொரு குரல் அதையே எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்து வளர்ந்தால் 'ஃபியூக்'. இந்த ஆல்பத்தின் இரண்டாவது இசைக்குத் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

நம் ராக இசையின் பலம் ஒற்றைக் குரல். அந்த ஒன்றையே வளைத்து, குழைத்து, கமகம் என்கிற சுர அசைவில் ஆட்டி ஆழத்துக்குக் கொண்டுபோவது. பல கயிறுகள் பின்னும்போது ராகத்தின் முகம் சிதையாமல் இருக்க வேண்டும். அதைச் செய்து காட்டியதுதான் விசேஷம்.

தியாகராஜரையும் பாக்கையும் ஏன் ஒன்றாகச் சேர்த்தார்? இருவருக்கும் என்ன உறவு?
*தஞ்சாவூர் வாசகர்*

ஆல்பம் இருவருக்கும் காணிக்கை. பாக் ஜெர்மனியில் 1685-இல் பிறந்து 1750-இல் மறைந்தார். திருவாரூரில் தியாகராஜர் பிறந்தது 1767. ஒருவர் போய்ப் பதினேழு ஆண்டு கழித்துத்தான் மற்றவர் வருகிறார். கடிதம் எழுதிக்கொள்ளக்கூட வழியில்லை. ஆனால் இருவருக்கும் இசை என்பது கடவுளிடம் பேசுகிற மொழி. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இரண்டு பேரையும் தன் வீட்டுக்கு அழைத்தார். 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்பது ஏழாவது இசையின் தலைப்பு. '...நாங்கள் பேசினோம்' என்பது எட்டாவது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரே வாக்கியம். பாக் 1720 வாக்கில் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற இசைத்தொகுப்பின் தொடக்கம் ஏழாவதில் வருகிறது. ராஜாவின் இசை அதோடு கூடவே நடக்கிறது. விருந்தாளிக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தானும் சமமாக உட்கார்ந்து பேசுகிற வீடு அது.

இதைக் கலப்படம் என்று சொல்கிறார்களே?
*சென்னை வாசகர்*

கர்நாடகக் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் இருக்கிற வயலின் எந்த ஊர் வாத்தியம்? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம்மிடம் வந்தது. தோளில் வைத்து வாசித்ததை, தரையில் உட்கார்ந்து மார்புக்கும் பாதத்துக்கும் நடுவே நிறுத்தி, நம் கமகத்தைப் பேச வைத்தோம். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? இந்த ஆல்பத்துக்கும் உயிர் வயலின்தான், வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். இரண்டு ஊர் மண்ணும் ஒட்டியிருக்கிற வாத்தியத்திடமே பேச்சுவார்த்தையை ஒப்படைத்தார்கள். அது சரியான தேர்வு.

சினிமாவுக்கு மெட்டுப் போடுகிறவர் இதையெல்லாம் எங்கே கற்றார்?
*ஈரோடு வாசகி*

அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரி மேடைகளில் ஊர் ஊராக, பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை. 1976-இல் 'அன்னக்கிளி' படம் வந்தபோது எல்லோரும் கிராமத்து மெட்டைக் கேட்டார்கள். பத்தாண்டு கழித்து இந்த ஆல்பம் வந்தபோதுதான், அந்த மெட்டுக்குப் பின்னால் இருந்த படிப்பு முழுசாக வெளியே தெரிந்தது.

வார்த்தையே இல்லாத இசை மனதில் எப்படி நிற்கும்?
*நாகர்கோவில் வாசகர்*

வார்த்தை இருந்தால் அது கவிஞரின் துக்கம். இல்லாவிட்டால் உங்களுடையது.

ஒரு சாட்சி சொல்கிறேன். பாலுமகேந்திராவின் 'வீடு' 1988-இல் வந்தது. பாட்டே இல்லாத படம். ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சொந்தமாக ஒரு வீடு கட்டப் படுகிற பாடு. அந்தப் படத்துக்குப் பின்னணியாக இந்த ஆல்பத்தின் இசையையே எடுத்து வைத்தார்கள். எந்தக் கதைக்காகவும் எழுதப்படாத இசை, செங்கல்லும் சிமென்டும் கடனும் நிறைந்த ஒரு கதைக்குள் போய், அங்கேயே பிறந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

ஆல்பத்தின் பத்துத் தலைப்புகளில் உங்களுக்குப் பிடித்தது?
*புதுச்சேரி வாசகி*

ஒன்பதாவது: 'ஒப்பிடாதே'. பிள்ளைகளின் மார்க் பட்டியல் வருகிற நாளில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்டலாம்.

சரி, காது மாறியது. வாழ்க்கையில் நிஜமாக என்ன மாறியது?
*மதுரை வாசகர்*

நேரான கேள்வி. அப்பா காலமான பிறகு வீட்டைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தோம். அண்ணன் ஒன்று சொன்னார், அக்கா ஒன்று சொன்னார். பழைய ஆளாக இருந்தால் ஒருவர் வாய் திறந்ததுமே நான் ஒரு பக்கம் சாய்ந்திருப்பேன். அன்று இரண்டு பேரையும் கடைசிவரை கேட்டேன். அண்ணன் சொன்னது கணக்கு: யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று. அக்கா சொன்னது பணமே இல்லை. அம்மா படுத்த அறையை இடிக்கக் கூடாது என்றுதான் அத்தனை சத்தம். இரண்டும் தனித்தனியே நியாயம். அக்கா கேட்பது இதுதான் என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் கணக்கை அக்காவுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். பத்திரம் எழுத நான்கு மாதம் ஆனது. அந்த அறை இன்னும் இருக்கிறது.

ஒரு குரலை அடக்காமல் இன்னொரு குரலைக் கேட்க முடியும் என்று எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது, மாற்றித் தர மறுத்த அந்தக் கேசட்.

என் மகள் காதில் நாள் முழுக்கக் கொரியப் பாட்டு. எப்படித் திருத்துவது?
*கோயம்புத்தூர் வாசகி*

திருத்த வேண்டாம்மா. அவளுக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம் எது என்று கேளுங்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் அவள் கண்ணை மூடுகிறாள் என்று கவனியுங்கள். அடுத்த வாரம் உங்களுக்குப் பிடித்ததை அவள் கேட்பாள்.

இப்போது போனில் லட்சம் பாட்டு இருக்கிறது. பழைய கேசட் புராணம் எதற்கு?
*சேலம் வாசகர்*

கேசட்டுக்காக நான் ஏங்கவில்லை. நாடா சிக்கிப் பென்சிலை விட்டுச் சுற்றிய அவஸ்தையை மறக்கவும் இல்லை. ஆனால் பிடிக்காததை விரலால் தள்ளிவிட அன்று முடியாது. அதனால் ஏழாவது நாள்வரை காத்திருந்தேன். இன்று ஏழாவது நொடியில் தள்ளியிருப்பேன். எனக்கு வர வேண்டியது வராமலே போயிருக்கும்.

எங்கிருந்து தொடங்கலாம்?
*திருநெல்வேலி வாசகி*

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணையுங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். 'ஹவ் டு நேம் இட்' பத்தையும் வரிசை மாறாமல் கேளுங்கள். ஒரு படத்தின் இடைவேளை வருவதற்குள் முடிந்துவிடும். முதல் நாள் பிடிக்காவிட்டால் கவலை வேண்டாம். ஏழு நாள் கொடுங்கள். ஏழாவது நாள், கீழே நடக்கிற அந்தக் குரல் உங்களுக்குக் கேட்டால், நீங்கள் அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.