மில்லிமீட்டர் மன்னர்கள்

செத்த பிறகு நாலு பேர் நம்மைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? சிகாகோ டாக்டர் எமில் க்ரூபே அதை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவைக்கவில்லை. தன் வாழ்க்கை வரலாறு எழுதப்பட வேண்டும் என்று சொல்லி, சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் பணமும் எழுதி வைத்துவிட்டு 1960-இல் கண்ணை மூடினார். பால் ஹாட்ஜஸ் என்ற ரேடியாலஜி பேராசிரியர் பொறுப்பாக உட்கார்ந்து எழுதினார். 1964-இல் புத்தகம் வந்தது. பிரித்துப் பார்த்தால், மனிதர் தற்பெருமைக்காரராம், ஓவராக அளப்பாராம், அவசரத்துக்குப் பொய்யும் சொல்வாராம்! சொந்தக் காசில் இப்படி அர்ச்சனை வாங்கிக்கொண்டவர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.

அப்படி என்ன அளந்தார்? நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சையை உலகத்திலேயே முதலில் செய்தவன் நான்தான் என்றார். தேதியோடு சொன்னார்: 1896 ஜனவரி 29. நோயாளி, மார்பகப் புற்றுநோய் முற்றிய ரோஸ் லீ என்ற பெண்மணி. க்ரூபே அப்போது டாக்டர்கூட இல்லை. 21 வயது மருத்துவ மாணவர். எக்ஸ்ரே என்று ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியவந்து நாலு வாரம்தான் ஆகியிருந்தது. இத்தனை பெரிய சாதனையை அவர் விலாவாரியாக வெளியே சொன்னது எப்போது தெரியுமா? 1933-இல்! நடுவில் 37 வருஷம் என்ன செய்தார் என்று கேட்கக் கூடாது. ஞாபக மறதி எல்லோருக்கும் வரும்.

அதற்குள் போட்டிக்கு ஆள் வந்துவிட்டது. பிரான்ஸின் லியோன் நகரத்தில் விக்தர் தெஸ்பேன்யே என்ற டாக்டர், 1896 ஜூலையிலேயே வயிற்றுப் புற்றுநோய்க்கு எக்ஸ்ரே வைத்து, கையோடு கட்டுரையும் எழுதிப் பதிவு செய்துவிட்டார். ஜெர்மன்காரர்கள் ஹாம்பர்க் ஆசாமி ஒருவரை முன்னே தள்ளுகிறார்கள். ‘முதல்வன் யார்’ பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. இந்தக் கதை முழுக்கப் பார்த்தால் கதிர் எப்போதுமே நேர்கோட்டில்தான் போயிருக்கிறது. அதைப் பிடித்திருந்த பெரியவர்கள்தான் கொஞ்சம் கோணல்.

ஆனாலும் க்ரூபேயைக் கிண்டல் செய்வதற்கு ஒரு எல்லை இருக்கிறது. எக்ஸ்ரே குழாயைக் கையால் சோதித்துச் சோதித்தே இடது கையை இழந்தார். உடம்பில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். எதில் அளந்தாரோ, இதில் அளக்கவில்லை.

எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்கன், க்ரூபேக்கு நேர் எதிர். 1895 நவம்பர் 8 அன்று வூர்ஸ்பர்க் லேபில் எக்ஸ்ரேயைப் பிடித்தவர், பேடன்ட் வேண்டாம் என்றார். தன் பெயரை அதற்கு வைக்கவும் வேண்டாம் என்றார். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு வந்தது. பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். இவர் இப்படிச் சன்னியாசியாக இருக்க, லண்டன் கடைக்காரர்கள் மும்முரமாக வேறொன்றை விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். எக்ஸ்ரே ஊடுருவாத உள்ளாடை!

சரி, எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று எப்படி அளந்தார்கள்? மீட்டரா, கீட்டரா? அதெல்லாம் இல்லை. தோல் சிவக்கிற வரைக்கும் அடி, சிவந்தால் நிறுத்து. ‘தோல் சிவக்கும் அளவு’ என்பதையே ஒரு யூனிட்டாக வைத்துப் பெரிய பெரிய பேராசிரியர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று காலையில் டெஸ்ட் பண்ண, டாக்டர் தன் கையையே கதிருக்கு முன்னால் நீட்டி, எலும்பு பளிச்சென்று தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தது. சில வருஷத்தில் கை தெரியவில்லை. இப்படிப் போய்ச் சேர்ந்தவர்களுக்காக 1936-இல் ஹாம்பர்க் மருத்துவமனைத் தோட்டத்தில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். பிறகு சேர்த்தவற்றையும் கூட்டினால் அதில் 350-க்கும் மேற்பட்ட பெயர்கள். எல்லோரும் ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ கட்சி.

வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற டாக்டர், முதுகெல்லாம் முடி முளைத்த மச்சத்தோடு வந்த ஐந்து வயதுக் குழந்தைக்கு 1896 கடைசியில் எக்ஸ்ரே வைத்தார். சில நாளில் முடி கொட்டிவிட்டது. விஞ்ஞானிகள் இதில் ஒரு உயிரியல் உண்மையைப் பார்த்தார்கள். வியாபாரிகள் பியூட்டி பார்லரைப் பார்த்தார்கள். 1920-களில் அமெரிக்காவில் எக்ஸ்ரே வைத்து முகத்து முடியை எடுக்கிற சலூன்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. வலி இல்லை, தழும்பு இல்லை, என்று போர்டு. முடி போனது, பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வந்தது. புற்றுநோயைத் தீர்க்க வந்த சாமானை வைத்தே அதை வரவழைக்கவும் ஒரு தனித் திறமை வேண்டும்.

இந்தப் பக்கம் பாரிஸ். இயற்பியலாளர் ஹென்ரி பெக்கரெல் 1901-இல் க்யூரி தம்பதியிடமிருந்து, தானாகவே கதிர் வீசும் ரேடியத்தைக் கொஞ்சம் கடன் வாங்கி, குழாயில் போட்டு, கோட்டுக்குள்ளே வெயிஸ்ட்கோட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஹாயாகக் கிளம்பினார். பாக்கெட்டுக்கு நேரே தோல் வெந்தது. பியர் க்யூரி இன்னொரு ரகம். வேண்டுமென்றே ரேடியத்தைக் கையில் பத்து மணி நேரம் கட்டிவைத்து, வந்த புண்ணை நாள்கணக்கில் கவனித்துக் குறிப்பு எழுதினார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை! நம் வீட்டுப் பிள்ளைகள் இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஆனால் அந்தக் கட்டுரையால்தான், தோலை எரிக்கிற சாமான் கட்டியையும் எரிக்குமே என்று பாரிஸ் டாக்டர்களுக்குப் பொறி தட்டியது.

அவ்வளவுதான், ரேடியம் ஸ்டார் ஆகிவிட்டது. இன்றைக்கு எந்தப் பொருளிலும் ‘ஏஐ’ என்று ஒட்டி விற்கிறார்களே, அன்றைக்கு அந்த இடத்தில் ரேடியம். ‘தோ-ராடியா’ என்று பிரான்ஸில் ஒரு முகப்பூச்சு. டாக்டர் ஆல்ஃப்ரெட் க்யூரியின் ஃபார்முலா என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். க்யூரி குடும்பத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. இனிஷியலைப் பார்க்காமல் பூசிக்கொண்டார்கள் பெண்கள்.

அமெரிக்காவில் வில்லியம் பெய்லி என்பவர் ‘ராடிதோர்’ என்ற ரேடியத் தண்ணீரை பாட்டிலில் அடைத்து விற்றார். டாக்டர் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் டாக்டர் இல்லை. அவருடைய சூப்பர் கஸ்டமர் எபென் பையர்ஸ், பிட்ஸ்பர்க் கோடீஸ்வரர், கால்ஃப் சாம்பியன். கையில் அடிபட்டதற்கு ஒரு டாக்டர் எழுதிக்கொடுக்கப்போக, தெம்பாக இருக்கிறது என்று சுமார் 1,400 பாட்டில் குடித்துத் தீர்த்தார். தாடை எலும்பு உதிர்ந்து 1932-இல் இறந்தார். கொடுமை என்னவென்றால், ரேடியமே போடாமல் வெறும் தண்ணீரை ரேடியம் என்று விற்ற ஃப்ராடுகளின் வாடிக்கையாளர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையர்ஸ் மாட்டியது கலப்படமே இல்லாத சரக்கில்!

இத்தனை மேதாவிகளுக்கும் புத்தி சொல்ல ஒரு கிடா வரவேண்டியிருந்தது.

கதை இதுதான். பாரிஸ் ரேடியம் இன்ஸ்டிட்யூட்டில் க்ளோத் ரெகோ என்ற டாக்டர், கிடாவின் விதைப்பையில் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார். (என்ன கேள்விக்கு விடை தேடி இந்த இடத்துக்கு வந்தார் என்று முகம் சுளிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. விந்தை உருவாக்கும் செல்கள் ஓயாமல் பெருகுகிறவை, கட்டி மாதிரி. மேலே இருப்பது சாதாரணத் தோல்.) ஒரே அடியாகக் கொடுத்தால், தோல் வெந்ததே தவிர கிடாவுக்கு மலட்டுத்தன்மை வரவில்லை. அதையே பல நாளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது கிடா மலடானது, தோல் தப்பியது. சாதாரண செல் இடைவேளையில் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கட்டிக்கு அந்தச் சமர்த்து போதாது. அவருடைய சகா ஆன்ரி குதார் இதைத் தொண்டைப் புற்றுநோயில் செய்து காட்டினார். ‘முப்பது சிட்டிங் வாங்க’ என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அதன் மூலவர் அந்தக் கிடா. வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு லீவு என்பதற்கு மட்டும் உயிரியலில் ஆதாரம் தேடாதீர்கள். ஸ்டாஃப் வீட்டுக்குப் போகணும்.

அடுத்த காட்சி கனடா, 1951. ஆழத்தில் இருக்கும் கட்டியை எட்ட கோபால்ட்-60 மெஷின். இரண்டு ஊர்களில் தயாரானது. சாஸ்கட்டூன் நகரத்தில் ஆகஸ்டிலேயே பொருத்திவிட்டார்கள். அங்கே ஹெரால்ட் ஜான்ஸ் என்ற இயற்பியலாளர். ‘ஒரு நோயாளியைக்கூடப் படுக்க வைக்காதே, முதலில் அளக்கணும்’ என்கிற ஜாதி. வாரக்கணக்கில் அளந்தார். ஒன்டாரியோவின் லண்டன் நகரத்துக்காரர்கள் தாமதமாக வாங்கி, அக்டோபர் 27-ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பட்டனைத் தட்டி, ‘ஃபர்ஸ்ட்!’ என்ற பட்டத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஜான்ஸ் நிதானமாக நவம்பர் 8-ஆம் தேதி ஆரம்பித்தார். ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த அதே தேதி! சாஸ்கட்டூனின் முதல் நோயாளிப் பெண்மணி அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். ரேஸில் இரண்டாவதாக வந்தவரின் அளவுகள்தான் பிறகு எல்லோருக்கும் உதவின. பத்திரிகைகள் அந்த மெஷினுக்கு வைத்த செல்லப்பெயர் ‘கோபால்ட் பாம்’. உள்ளே போகிற நோயாளிக்கு எவ்வளவு ஆறுதல் பாருங்கள். சில வருஷத்தில் நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் கனடாவிலிருந்து ஒரு கோபால்ட் மெஷின் வந்து சேர்ந்தது.

பிறகு லீனியர் ஆக்ஸிலரேட்டர், சிடி ஸ்கேன், கம்ப்யூட்டர், கட்டியின் வடிவத்துக்கே கதிரை வெட்டித் தரும் உலோக இதழ்கள். குறி மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. இனி என்ன கவலை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். ஒரு சின்ன பிரச்சினை. நோயாளி மூச்சு விடுகிறார்!

நுரையீரல் கட்டி மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் போகும், சென்டிமீட்டர் கணக்கில். ப்ரோஸ்டேட் இன்னும் மோசம். பக்கத்திலேயே மலக்குடல். அங்கே கொஞ்சம் காற்று சேர்ந்தாலே போதும், ப்ரோஸ்டேட் இடம் மாறி உட்காரும். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷின், ஒரு வாய்வுக்கு முன்னால் தோற்று நிற்கிறது. அதனால்தான் உள்ளே போகுமுன் ‘வயிறு காலியா? தண்ணி குடிச்சீங்களா? யூரின் முட்டுதா?’ என்று அத்தனை கேள்வி. இடது மார்பக சிகிச்சையில் ‘மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா’ என்பார்கள். நெஞ்சு விரிந்து இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகும். ஆக, இத்தனை டெக்னாலஜியும் கடைசியில் ‘அசையாம இருங்க’ என்று ஒரு மனிதரிடம் கெஞ்சுவதில் வந்து நிற்கிறது.

கெஞ்சாமல் பார்த்துக்கொண்டே சுட முடியாதா? எம்ஆர்ஐ ஸ்கேனரையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே மெஷினில் குடித்தனம் வைக்கலாம் என்றார்கள் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து விஞ்ஞானிகள். அதன் காந்தம் இதன் எலக்ட்ரானைப் பிடித்து இழுக்கும், சேரவே சேராத ஜோடி. பல வருஷம் மல்லுக்கட்டி 2017-இல் நோயாளிகளுக்கே சிகிச்சை கொடுத்துவிட்டார்கள். வாத்தியாரைக் கார்ட்டூன் போட்டவன் பெயரைச் சொல்லாததற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து ரான்ட்கனைத் துரத்தினதும் இதே உட்ரெக்ட்தான். ஊர் கடனைத் தீர்த்துவிட்டது.

புரோட்டான் கதை இன்னும் ஜோர். சாதாரண எக்ஸ்ரே உடம்பின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போய்விடும். புரோட்டான் அப்படியில்லை. வழியில் ஆளைக் கொஞ்சமாகவே இறக்கி, டெர்மினஸில் மொத்தக் கூட்டத்தையும் கொட்டிவிட்டு நின்றுவிடும் பஸ் அது. அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்த ராபர்ட் வில்சன், இதை வைத்துப் புற்றுநோயைத் தாக்கலாம் என்று 1946-இலேயே எழுதினார். மெஷின் என்றால் மூன்று மாடி உயரம், திருப்புகிற சட்டம் மட்டும் நூறு டன் எடை. தெற்காசியாவின் முதல் மையம் 2019-இல் சென்னையில் அப்போலோவில் வந்தது. குழந்தைகளுக்கும் மூளை, தண்டுவட ஓரக் கட்டிகளுக்கும் புரோட்டானின் அருமை தெரிந்ததே. ஆனால் ப்ரோஸ்டேட்டில்? அமெரிக்காவில் 450 ஆண்களைப் பாதிப்பாதியாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்து 2024-இல் முடிவு சொன்னார்கள். நோய் அடங்குவதிலும் சரி, குடல், சிறுநீர் உபத்திரவத்திலும் சரி, விலை குறைந்த எக்ஸ்ரேக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு கோஷ்டிக்கும் நல்ல குணம். மூன்று மாடிக்குத்தான் கொஞ்சம் சங்கடம்.

இதற்கிடையில் கிடாவின் கணக்கும் ஆட்டம் கண்டது. குறி இவ்வளவு துல்லியமானால் எதற்கு முப்பது சிட்டிங்? பிரிட்டனில் 4,096 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. மூன்று வாரச் சிகிச்சையை ஒரே வாரத்தில் ஐந்து தடவையாகச் சுருக்கினாலும் பலன் குறையவில்லை. 2024-இல் ப்ரோஸ்டேட்டுக்கும் அதே தீர்ப்பு, 874 பேரிடம். ‘ஒரே அடி’ என்று ஆரம்பித்து, ‘பிரித்துக் கொடு’ என்று திருந்தி, நூறு வருஷம் சுற்றி மறுபடி ‘சேர்த்துக் கொடு’வுக்கு வந்திருக்கிறோம். பழைய ஒரே-அடி டாக்டர்கள் மேலேயிருந்து ‘அப்பவே சொன்னோம்ல?’ என்பார்கள். நம்பாதீர்கள். அவர்களுக்குக் குறி தெரியாது.

லேட்டஸ்ட் பரபரப்பு ‘ஃப்ளாஷ்’. நிமிஷக்கணக்கில் கொடுக்கும் கதிரைக் கண் இமைப்பதற்குள் கொட்டிவிடுவது. 2014-இல் வேன்சன் ஃபவோடோன் குழு எலிகளில் செய்து பார்த்தபோது, கட்டி ஒழுங்காக அடி வாங்கியது, பக்கத்து நல்ல திசு மட்டும் ஆச்சரியமாகத் தப்பித்தது. எங்கே நடந்தது என்கிறீர்கள்? அந்தக் கிடாவின் புகுந்த வீட்டில்தான். ரேடியம் இன்ஸ்டிட்யூட்டின் இன்றைய பெயர் க்யூரி இன்ஸ்டிட்யூட். உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் அதிவேகக் கதிருக்கு பாக்டீரியாக்கள் இதே மாதிரி டிமிக்கி கொடுப்பதை ட்யூயி, போக் என்ற இருவர் 1959-இலேயே பதிவு செய்திருந்தார்கள். அரை நூற்றாண்டு பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பாக்டீரியாவுக்குப் பி.ஆர். ஏஜென்ட் கிடையாது.

மனிதர்களில் முதலில் வாங்கிக்கொண்டவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் 75 வயதுப் பெரியவர், 2018-இல். தோல் லிம்ஃபோமா. ஏற்கெனவே உடம்பில் நூறு தடவைக்கு மேல் பழைய முறையில் கதிர் வாங்கி அலுத்தவர். அந்தக் கட்டிக்கு முழு டோஸும் 90 மில்லி செகண்டில் முடிந்தது. கட்டி மறைந்தது, தோல் பெரிதாகக் கெடவில்லை. நல்ல திசு ஏன் தப்பிக்கிறது? ஆக்ஸிஜன் தீர்ந்துபோவதால் என்கிறது ஒரு கோஷ்டி, இல்லை என்கிறது இன்னொன்று, ரத்தத்தின் எதிர்ப்புச் செல்கள் தப்புவதால் என்கிறது மூன்றாவது. அந்த 90 மில்லி செகண்டுக்கு விளக்கம் சொல்லும் கட்டுரைகள் வருஷக்கணக்காக வந்துகொண்டே இருக்கின்றன.