பசார் பக்கத்து வீடு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் எங்களுக்கு வீட்டு வாடகை கிடையாது. கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை எல்லாமே லயத்திலிருந்து கூப்பிடு தூரம். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணியை விட்டால் வேறு சத்தம் இருக்காது. அப்படியொரு அமைதியான இடத்தில்தான் அப்பா கவலையோடு படுத்து எழுந்தார். தோட்டத் தொழிலாளர் பட்டியலான செக்ரோலில் பெயர் இருக்கும்வரைதான் வீடு. பெயரை அடித்துவிட்டால் சட்டிபானையோடு வெளியேற வேண்டும்.

1950களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பலருக்கு அதுதான் நடந்தது. தொழிலாளர்களே தோட்டம் வாங்க வேண்டும் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய வீ. தி. சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். பங்குக்காக மாதம் 10 வெள்ளி கட்டச் சொன்னார்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அந்தச் சம்பளத்தில் அது பெரிய பணம். அப்பா கட்டினார். சங்கத்தில் அவருக்குப் பங்கு கிடைத்தது. சங்கம் வாங்கிய தோட்டங்கள் வேறு எங்கோ இருந்தன. நாங்கள் குடியிருந்த லயமோ கடைசிவரை கம்பெனிக்குத்தான் சொந்தம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் இருந்த பக்கம் இப்போது வீடமைப்புத் திட்டம். பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. அங்கே பால் வெட்டியவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேரால் அந்த வீட்டு விலையைக் கொடுக்க முடியும்?

நான் வாங்கியது ஈப்போவில், பெரிய பசாருக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய கடைவீடு. கீழே கருவாட்டுக் கடை, மேலே நாங்கள். விடியுமுன்பே லோரி வந்துவிடும். கடைமுன் நடைபாதையான காக்கி லீமாவில் வெங்காய மூட்டை விழும் சத்தம் பலகைத் தளத்தில் அதிரும். நெத்திலி வாடை நடுமுற்றத்தின் வழியே ஏறித் துவைத்த துணிவரை வரும். “இங்கே எப்படிடா தூங்குவ?” என்றார் பெரியம்மா. நன்றாகத் தூங்கினோம்.

அந்தத் தெருவில் வாங்க முடிந்ததற்குக் காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்கு வாடகையை ஏற்ற முடியாதபடி 1966 சட்டம் கட்டி வைத்திருந்தது. சொற்ப வாடகைக்கு எந்த முதலாளி ஓடு மாற்றுவார்? கூரை ஒழுகியது, உத்தரத்தைக் கரையான் தின்றது. 1997-இல் சட்டம் நீக்கப்பட்டது. 1999 இறுதியோடு இடைக்கால ஏற்பாடும் முடிந்தது. வாடகை ஏறியதும் பழைய குடித்தனக்காரர்கள் காலி செய்தார்கள். அவர்கள் போனதால்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. பெட்டி தூக்கிப் பழகிய குடும்பத்துக்கு அது எளிதில் மறக்கிற விஷயமல்ல.

வாங்குமுன் நில அலுவலகத்தில் கிராண்ட் எனும் நிலப்பத்திரத்தை வரிவரியாகப் பார்த்தேன். நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி? ஆண்டுகள் குறையக் குறைய வங்கி கடன் தரத் தயங்கும். பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதல் தேவையென்று பத்திரத்தில் எழுதியிருக்கலாம். கடைக்கு மட்டும் அனுமதியா, குடியிருக்கவும் அனுமதி உண்டா என்பதும் அதில் இருக்கும். கூரையையும் ஏறிப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கடையோடு சுவர் பொதுவானது. அவர்கள் வீட்டு ஒழுகல் நம் வீட்டுக்குள்ளும் இறங்கும்.

கிராண்டில் அம்மாவின் பெயரையும் சேர்த்தோம். தோட்டத்தில் அவரும்தான் பால் வெட்டினார்.

பக்கத்துக் கடைவீடு இப்போது விலைக்கு வந்திருக்கிறது. தங்கை மகன் கேட்கிறான். காப்பிக்கடை வைக்க வெளியூர்க்காரர் ஒருவரும் பார்த்துவிட்டுப் போனார். முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்துக்குப் போய்வரச் சொல்லி அவனை அனுப்பியிருக்கிறேன்.