பதிப்புக் குழுவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் விண்ணப்பம்

பெறுநர்: மாண்பமை பதிப்புக் குழுத் தலைவர் அவர்கள் (பல்கலைக்கழகத்தின் பெயர் தங்களுக்கே தெரியும்).

பொருள்: 'போட்டித் தேர்வுப் பேரறிவுக் களஞ்சியம்' – தேவை ஆய்வு – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கிடங்கின் ஜன்னல் வழியே.

ஐயா,

கெட்டி அட்டை போட்ட தங்கள் களஞ்சியத்தைத் தூக்கிப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. படிக்கும் பாக்கியம் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை என்று கிடங்குக் காவலர் சொன்னார். பயிற்சி மையங்கள் இருக்கும் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் என்ற முறையில், இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை.

அச்சுக்குப் போகும் முன் முறையாகத் தேவை ஆய்வு நடத்தினீர்கள் என்று அறிந்து மெய்சிலிர்த்தேன். வினாப்படிவம் ஒன்று என் கடைக்கே நகலெடுக்க வந்தது. "இந்நூல் தங்களுக்கு (அ) மிகவும் பயன்படும் (ஆ) பயன்படும்." இதில் மூன்றாவது விடை எழுத எவருக்குத் துணிச்சல் வரும்? நிரப்பியவர்கள் தங்கள் துறையின் ஆய்வு மாணவர்கள். வாங்கி அடுக்கியவர் அவர்களுடைய நெறியாளர். எல்லாரும் (அ)வையே வட்டமிட்டதாகக் கேள்வி. விலை என்ன, சொந்தக் காசில் வாங்குவாயா என்று மட்டும் படிவத்தில் கேட்கவில்லை. அறிஞர்கள் பணத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமல்ல அல்லவா?

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையருக்கு இந்த நாகரிகம் போதவில்லை போலும். 1887இல் தாம் பதிப்பித்த சீவக சிந்தாமணி வெளிவருவதற்கு முன்பே, புத்தகம் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் கையொப்பம் திரட்டினார். தங்கள் ஆட்சிக்குழுவில் அவர் இருந்திருந்தால் கையொப்பம் எதற்கு, தீர்மானம் போதும் என்று திருத்தியிருப்பீர்கள்.

தேவை இல்லை என்று சொல்ல வரவில்லை. அரசு வேலைக்கான 2024 டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இந்த எண்ணைப் பார்த்ததும் "நூற்றில் ஒருவர் வாங்கினாலும் போதும்" என்று குழுவில் ஒருவர் கணக்குப் போட்டாராம். அந்த ஒருவர் யார், எந்த ஊர், கையில் ஏற்கெனவே என்ன வைத்திருக்கிறார், எதற்காக இரண்டாவதாக ஒன்று வாங்குவார் என்று கேட்டிருந்தால் கூட்டம் நீண்டு போண்டா ஆறிப்போயிருக்கும்.

அந்த ஒருவர் மாலை ஆறு மணிக்கு மேல் என் கடைக்கு வருகிறார். "அண்ணா, தமிழ் மட்டும் பழைய கேள்வித்தாள், விடையோட இருக்கா?" என்கிறார். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 விழுக்காடு வாங்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பயம் அங்கே இருக்கிறது. அடுத்து வருபவர், "கணக்கு 25ம் ஸ்டெப் போட்டு வேணும்ணா" என்பார். இரண்டு பக்கமும் எடுத்து ஸ்பைரல் போட என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டு, பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்ப்பார். பழைய வினாத்தாளும் பள்ளிப் பாடநூலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் காசு கொடுக்கிறார்கள். தகவலுக்கு அல்ல; தேடிப் பிடித்து, பாடவாரியாகப் பிரித்து, விடையைப் பக்கத்திலேயே வைத்துத் தருவதற்கு. "எல்லாம் அடங்கிய ஒரே புத்தகம் கொடுங்கள்" என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

தங்கள் களஞ்சியத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது. துணைவேந்தர், பதிவாளர் வாழ்த்துரைகள் வண்ணப் படத்துடன் முன்னால். கணக்கு கடைசியில், வழிமுறை இல்லாமல் விடை மட்டும். வாழ்த்துரைகளுக்கு நகல் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை, வந்தால் தெரிவிக்கிறேன்.

இது வியாபாரமல்ல, அறிவுத்தொண்டு என்பீர்கள். தொண்டுக்கும் இங்கே மரபு உண்டு. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி என்னும் கலைக்களஞ்சியத்தை 1910இல் பாண்டித்துரைத் தேவரின் துணையோடு மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. கொடுத்தவர் கொடையென்று தெரிந்தே கொடுத்தார். தாங்களோ தொண்டென்று தொடங்கி, பின்னட்டையில் விலை அச்சிட்டு, விற்காததற்கு "வாசிப்புப் பழக்கம் அழிந்துவிட்டது" என்று அறிக்கை விடுகிறீர்கள். வாசிப்பு அழியவில்லை ஐயா. ராத்திரி ஒன்பது மணிக்கும் என் கடையில் வரிசை நிற்கிறது.

அடுத்த பதிப்புக்கு ஒரு யோசனை. கணக்குப் பகுதியை மட்டும் முப்பது பக்கம் வழிமுறையோடு போட்டு, விலையைச் சொல்லி, என் கடை வாசலில் முன்பணம் வாங்கிப் பாருங்கள். பத்துப் பேர் கொடுத்தால் தொடருங்கள். ஒருவரும் கொடுக்காவிட்டால் முப்பது பக்கத்தோடு நஷ்டம் போயிற்று. "நல்ல முயற்சி" என்று முதுகில் தட்டுகிறவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு எப்படியும் இலவசப் பிரதி போய்விடும்.

கிடங்கில் இருப்பதை எடைக்குப் போடும் முன் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். அச்சகத்தில் ஒருபக்கம் மட்டும் பதிந்து வீணான தாள்கள் இருந்தால் எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் போட்டுப் பார்க்க வெற்றுத்தாள் கேட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அதற்குத் தேவை உண்டு, விசாரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெராக்ஸ் கடைக்காரன்