திறமையும் குடும்பமும்

பாரிஸ்,
ஆடி வெள்ளி

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

"மாப்பிள்ளை, மாசம் கைக்கு எவ்வளவு வருது?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் போன் கட்டாகிவிடுகிறது. இது டவர் கோளாறு இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் எழுதியே விடுகிறேன்.

முதலில் எங்கள் அந்தஸ்து. கலைஞர்களுக்கென்று பிரான்ஸில் ஒரு குடியிருப்பு அட்டை உண்டு. நடனக் குழுவின் ஒப்பந்தத்தைக் காட்டி உங்கள் பெண் வாங்கிய அட்டையில் 'திறமை' என்று போட்டிருக்கிறது. என்னுடையதில் 'திறமை – குடும்பம்'. அதாவது திறமை அவளுக்கு, குடும்பம் நான். கல்யாண மண்டபத்தில் உங்கள் அண்ணன் பந்தியில் உட்கார்ந்து சொன்ன அதே கருத்துக்கு இங்கே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி வரும்படி. மேடையில்லாத மாதத்திலும் கூத்தாடிக்குப் பசிக்கும் என்பதை இந்த ஊரில் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 12 மாதத்துக்குள் 507 மணி நேரம் மேடையிலோ படப்பிடிப்பிலோ வேலை செய்ததற்குச் சம்பளச் சீட்டு காட்டினால், அடுத்த ஒரு வருஷம் ஆட்டமில்லாத நாட்களுக்குப் பணம் வரும். நம் நூறு நாள் வேலை அட்டை மாதிரிதான். ஏரிக்கரைக்குப் பதில் மேடை. ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி பேசினால், பத்து நிமிஷம் ஆடினாலும் கணக்கில் 12 மணி நேரம். ஆக 43 ஆட்டம் போதும். செய்யாறு பக்கம் கூத்தில் விடிய விடிய துரியோதனன் வேஷம் கட்டி ஆடினேனே, அதற்கும் இங்கே அதே 12தான். துரியோதனனுக்கு ஓவர்டைம் கிடையாது.

அந்த 43 ஆட்டத்தை யார் தருவார் என்பதைத்தான் சட்டத்தில் எழுதவில்லை. இங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவுக்கு அன்பாகக் கூப்பிடுகிறார்கள். ஆடி முடித்தால் பொன்னாடை. பொன்னாடைக்குச் சம்பளச் சீட்டு இல்லை, மணிக்கணக்கும் இல்லை. எங்கள் ஒற்றை அறைக்கு இப்போது சரிகைக் கரை போட்ட ஜன்னல் திரைகள்.

அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: ஒரு வருஷம் ஒருவர் கலைஞர், மற்றவர் வாடகை. இந்த வருஷம் நான் வாடகை. லா ஷப்பல் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறேன். கூலி நாள் தவறாமல் வருகிறது. ஆனால் அந்த மணிகள் 507-இல் சேராது. பக்கத்தில் கொத்து ரொட்டி போடுகிற அண்ணனின் தாளம் அவ்வளவு சுத்தம், அவரையாவது சேர்க்கலாம். ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் கோயில் தேர் வரும்போது இந்தத் தெருவெல்லாம் சிதறு தேங்காய். அன்றைக்குக் கழுவ வேண்டிய அண்டாக்களை இப்போதே நினைத்துப் பார்க்கிறேன்.

அத்தை அழ வேண்டாம். இதே பாரிஸில் ஓட்டல் பாத்திரம் கழுவியவர்தான் எழுத்தாளர் ஷோபாசக்தி. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை வாங்கிய 'தீபன்' படத்தின் கதாநாயகன் அவர். உடன் நடித்த காளீஸ்வரி சீனிவாசன் நம் சென்னை நாடக மேடைக்காரர். இதை ஓட்டல் முதலாளியிடமும் சொன்னேன். "அது சரி தம்பி, அந்தச் சட்டியைக் கெதியாக் கழுவும்" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மாமா. கூத்து வெளிநாட்டில் சோறு போடுமா என்றீர்கள். வான்சென் காட்டில் ஒரு பழைய தோட்டா ஆலைக்குள் தியாத்ர் து சொலெய் என்று ஒரு நாடகக் குழு இருக்கிறது, 1964இல் தொடங்கியது. 2016இல் அவர்கள் போட்ட நாடகத்துக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் போய்த் தெருக்கூத்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் கிரீடம் புஜகீர்த்தியோடு தமிழில் பாடி ஆடினார்கள். அந்தக் குழுவில் எல்லோருக்கும் ஒரே சம்பளம். இயக்குநர் அரியான் ம்னூஷ்கின் அம்மாவே வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறார். உங்கள் பெண்ணிடம் இதைச் சொல்லி, வீட்டிலும் அதே முறை வரட்டும் என்றேன். "கிழிக்கிற வேலையைத்தான் இவ்வளவு நாளா செஞ்சுக்கிட்டிருக்க" என்றாள்.

அவளுக்கு வேலை நெட்டி முறிக்கிறது. விடிகாலையில் அடவு. கீழ்வீட்டுக் கிழவர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார். இப்போது மூன்றாம் காலத்திலும் தப்பாமல் தட்டுகிறார். சலங்கைத் தோல் இற்றுவிட்டது. யாராவது வந்தால் புதிதாக ஒரு ஜோடி கொடுத்தனுப்புங்கள். அத்தையின் மோர் மிளகாயும்.

கடைசியாக, வேலப்பன்சாவடியில் பல் மருத்துவக் கல்லூரிப் பக்கம், நான் வந்து ஜெராக்ஸ் மிஷின் போடுவேன் என்று நீங்கள் பூட்டி வைத்திருக்கும் கடை. அது எதற்கு நெடுஞ்சாலைத் தூசியைத் தின்ன வேண்டும்? தாராளமாக வாடகைக்கு விட்டுவிடுங்கள். ஆனால் அக்ரிமெண்ட் மட்டும் பதினொரு மாதத்துக்கு மேல் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
(குடும்பம்)