வாத்தியார் ஏற்றிய காற்று

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வருடம் தவறாமல் நான் எடுத்த பாடம் ஒன்று உண்டு. ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தச் சொல்வேன். அசையாது. அதையே காற்றை இழுத்துவிட்டு அழுத்தச் சொன்னால் பாதிவரை போகும், விட்டால் துள்ளிக்கொண்டு வெளியே வரும். "திரவம் அமுங்காது, வாயு அமுங்கும்" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். ஓய்வு பெற்று, கேமரன் மலையில் தானா ராத்தாவில் உட்கார்ந்த பிறகு அந்தப் பாடத்தில் நான் பெயிலானேன். பரீட்சை நடந்த இடம் என் வீட்டுத் தகரக் கொட்டகை.

என்னிடம் ஒரு லேண்ட்ரோவர் இருக்கிறது. 1960களின் கடைசியில் வந்த குட்டை வண்டி. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்தால் படம் எடுத்துக்கொள்வார்கள். கேமரன் மலைக்காரர்கள் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். இங்கே இதைவிட வயதானதெல்லாம் இன்னும் முட்டைக்கோஸ் மூட்டை சுமக்கிறது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட்ரோவரைக் காட்டியபோது போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். நித்தம் மழை பிடிக்கும் இந்த ஊருக்கு அது வரம். ஆனால் அடியில் இருக்கும் சேசிஸ் இரும்புதான். மேலே கம்பீரம், அடியில் துரு. எனக்கும் வண்டிக்கும் பொருத்தம் பார்த்துத்தான் விதி சேர்த்து வைத்திருக்கிறது.

ஒரு நாள் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வரும்போது பிரேக் பெடல் கொழகொழவென்று அடிவரை போனது. உடனே இன்னொரு தடவை மிதித்தேன். மேலேயே நின்றது, வண்டியும் நின்றது. அறிவுள்ளவன் அன்றே பட்டறைக்குப் போயிருப்பான். நான் இரண்டு தடவை மிதிக்கப் பழகிக்கொண்டேன். மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. "பழைய வண்டின்னா தாளம் தெரிஞ்சு ஓட்டணும்" என்று கூட்டாளியிடம் பெருமை வேறு.

பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை. கியா பார்ம் சந்தைப் பக்கம் சுற்றுலா வேன்கள் நத்தையாய் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. முதல் மிதி வீண். இரண்டாவதற்கு நேரமில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இந்த வண்டியில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை; கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கும். நிறுத்தி வைத்த வண்டியைக் காவல் காக்கத்தான் அது. ஓடும்போது இழுத்தால் வண்டி எலும்போடு குலுங்கும். குலுங்கியது. பின்னாலிருந்த கீரைக் கூடை வீட்டுக்காரியின் மடியில் வந்து உட்கார்ந்தது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாண். வீடு வரும்வரை அவள் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். பெடல் கொழகொழ என்றால் குழாயில் காற்று. காற்று அமுங்கும். இருபது வருட அனுபவம். யாரையும் கேட்கவில்லை.

முதல் தப்பு ஸ்பேனர். அந்தக் கால ஆங்கிலேய வண்டிக்கு அங்குலக் கணக்கு. காற்று எடுக்கும் நிப்பிளுக்கு 7/16 அங்குல ஸ்பேனர் வேண்டும்; மில்லிமீட்டரில் பதினொன்றைக் கொஞ்சம் தாண்டும். என்னிடம் இருந்தது பன்னிரண்டு. "கிட்டத்தட்ட சரிதானே" என்று போட்டு முறுக்கினேன். நிப்பிளின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டை ஆனது. "கிட்டத்தட்ட" என்று எழுதிய பிள்ளைகளின் விடைக்கு நான் போட்ட சிவப்புக் கோடுகள் நினைவுக்கு வந்தன.

அடுத்தது ஆயில். கொட்டகையில் இரண்டு வருடத்துக்கு முன் திறந்த பாட்டில் ஒன்று முக்கால்வாசி இருந்தது. பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. டாட் 3 என்று போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 140 வரை இறங்கலாம். தாப்பா இறக்கத்தில் பிரேக் சூடேறி, ஆயிலில் இருக்கும் தண்ணீர் ஆவியானால், அந்த ஆவியும் சிரிஞ்சுக் காற்றைப் போலத்தான் அமுங்கும். பொரித்த அப்பளம் ஒரு மணி நேரத்தில் நமுத்துப்போகும் ஊரில், மூடி சரியாகப் பொருந்தாத பாட்டிலை நம்பி ஊற்றினேன். முப்பது வெள்ளி மிச்சமாம்.

மூன்றாவது, நானும் வீட்டுக்காரியும். அவள் பெடலை மிதிக்க வேண்டும்; நான் அடியில் படுத்து நிப்பிளைத் திறந்து, ஆயிலோடு காற்று வந்ததும் மூட வேண்டும். மூடும்வரை அவள் காலை எடுக்கக்கூடாது; எடுத்தால் வெளியே போன காற்றையே குழாய் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். "விடாதே!" என்று கத்தினேன். தகரக் கூரையில் மழை. அவள் காதில் விழுந்தது "விடு". காலை எடுத்தாள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை.

"என்னங்க, மிதிக்க மிதிக்க இன்னும் மெத்துன்னு ஆகுதே?"

"பழைய காற்றெல்லாம் கிளம்பி வருது" என்றேன். இவ்வளவு தெளிவாக வகுப்பில்கூட நான் பொய் சொன்னதில்லை. உண்மையில் மேலே ஆயில் டப்பா எப்போதோ காலியாகியிருந்தது. பார்க்கவே இல்லை. அவள் மிதித்த ஒவ்வொரு மிதியும் டப்பா வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் பெடலை மிதிப்பது பஞ்சுத் தலையணையை மிதிப்பது போல ஆனது.

கீழ் லயத்தில், தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல். அவரைக் கூப்பிட்டது நான் அல்ல, அவள். வந்தவர் வண்டிக்கு அடியில் குனியவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"வாத்தியாரே, மொத மிதிக்கு அடிவரைக்கும் போகுது. ஒடனே மறு மிதி மிதிச்சா?"

"மேலே வரும், மாமா."

"வந்து கெட்டியா நிக்குமா, மெத்துன்னு அமுங்குமா?"

"மெத்துன்னுதான்."

"ஆரம்பத்துலேர்ந்தே மெத்துன்னா, இல்ல நீங்க கை வச்ச பிறகா?"

"சரியா ஞாபகம் இல்லை."

"கை வச்ச பிறகுதான், மாமா" என்றாள்.

அவர் சொன்னது இதுதான். இந்த வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஷூ தேயத் தேய டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடும். புது வண்டிகளில் பிரேக் அதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். இதில் கையால் வைக்க வேண்டும். முதல் மிதி அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே செலவாகிவிடும். ஷூ பின்னுக்குப் போவதற்குள் மறு மிதி கொடுத்தால் பெடல் மேலேயே பிடிக்கும். அப்படி மேலே வந்து கெட்டியாக நின்றால் காற்று இல்லை, ஷூ தூரம். எத்தனை தடவை மிதித்தாலும் பஞ்சாகவே இருந்தால்தான் காற்று. பழைய ரப்பர் ஹோஸ் உப்பினாலும் அப்படி இருக்கும்.

சுங்கை பாலாஸ் இறக்கத்தில் இரண்டாம் மிதி கெட்டியாகத்தான் நின்றது. அது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் ஒரு போல்ட் தலை இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி வைத்து, அது சுற்றாமல் பிடிக்கும்வரை அதைத் திருப்பி, பிறகு சுற்றுமளவுக்குக் கொஞ்சம் தளர்த்தினார். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு தே தாரே ஆறும் நேரம். பெடல் பாதியிலேயே நின்றது, ஆனால் மெத்தென்று.

"வண்டியோட சீக்கு முடிஞ்சிருச்சு. இனிமே வாத்தியாரோட சீக்கு" என்றார்.

புது ஆயில் டின் வாங்கிவரச் சொன்னார். கூடவே ஒரு நிப்பிளும், 7/16 ஸ்பேனரும். தூரத்துச் சக்கரத்தில், அதாவது பின் இடப்பக்கம், தொடங்கினார். டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை எனக்கு. கத்தல் கிடையாது. ஸ்பேனரால் சேசிஸில் ஒரு தட்டு தட்டினால் மிதி, இரண்டு தட்டினால் விடு. மழை கொட்டியது. வீட்டுக்காரி ஒரு தடவைகூடத் தப்பு செய்யவில்லை. முக்கால் மணி நேரத்தில் பெடல் கல்லாகிவிட்டது.

பணம் வாங்க மறுத்துவிட்டார். ஒரு தே தாரே குடித்துவிட்டு, இரண்டாவதற்குச் சீனி போதவில்லை என்றார்.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். லேண்ட்ரோவரின் முன் மட்கார்டு மேசை போலத் தட்டையாக இருக்கும். காற்று எடுத்த அன்று ஒழுகிய ஆயில் பாட்டிலை அதன் மேலேதான் வைத்திருந்தேன், ராத்திரி முழுக்க. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் தப்பிக்கலாம். விடிந்து பார்த்தபோது பாட்டில் அடியின் அளவுக்கு வட்டமாகப் பச்சை உரிந்து அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. கேட்பவர்களிடம் மரக்கிளை உரசியது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கிளை எப்படி இத்தனை அழகாக வட்டம் போட்டது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.