ஓரம் பார்ப்பவர்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எட்டங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி வைத்து வானத்தைப் படமெடுக்கிறவர்களில் ஒரு ரகம் உண்டு. ஓரியன் நெபுலாவை எடுத்து வந்து காட்டுவார். நாம் நடுவிலிருக்கும் சிவப்பைப் பார்த்து வாயைப் பிளப்போம். அவரோ படத்தை நாலு மடங்கு பெரிதாக்கி, வலது கீழ் மூலையில் கிடக்கும் ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, “வால் தெரியுதா பாய்?” என்பார். தெரியவில்லை என்றால் நமக்குக் கண் சரியில்லை. தெரிகிறது என்றால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இவர் கோமா திருத்தி வாங்கப் போகிறவர். வாங்கிவிட்டவர் வேறு ரகம். அவரிடம் இவ்வளவு பேச்சு இருக்காது.

இவரைக் கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது, கணக்கு இவர் பக்கம் இருக்கிறது. பரவளைய ஆடி தன் அச்சில் வரும் ஒளியை மட்டுமே ஒரு புள்ளியில் சேர்க்கும். அச்சை விட்டு விலக விலக நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும். அந்த வாலுக்குப் பெயர்தான் கோமா. எஃப்/4 ஆடியில், அதாவது குவியத்தூரம் விட்டத்தைப் போல் நாலு மடங்கான ஆடியில், மையத்திலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி அந்த வால் சுமார் 0.12 மில்லிமீட்டர் வரை நீளும். இன்றைய வானியல் கேமராக்களில் பரவலாக உள்ள 3.76 மைக்ரான் பிக்சலில் அது முப்பதுக்கும் மேல். எஃப்/8 ஆடி என்றால் வால் கால்வாசிதான். ஆனால் குழாய் இரண்டு மடங்கு நீளும், ஒளி சேர்க்கும் நேரம் நாலு மடங்காகும். பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மை ஆடி எஃப்/3.25. அவ்வளவு பெரிய ஆடிக்கும் இதே விதிதான்.

ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்பார்கள். பகலில் தோல் தரம் பிரிக்கிற இவரிடம் போய் இதைச் சொல்லக்கூடாது. முதுகுப் பக்கம் ஷூவின் மேல்பாகத்துக்கு, தளர்ந்த வயிற்றுப் பக்கம் கண்ணில் படாத துண்டுகளுக்கு என்று ஒரு தோலையும் வீணாக்காத ஊர் இது. சதுர அடிக்குக் காசு கொடுத்தவனுக்கு ஓரமும் காசுதான். படத்தின் நீள அகலத்தைப் பாதியாக்கினால் பரப்பில் முக்கால் பங்கு போய்விடும், பெரிய சென்சாருக்குக் கொடுத்த பணமும் கூடவே போகும். தவிர, வானத்தில் இருப்பவை நடுவில்தான் வந்து நிற்போம் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. 1988இல் ஆர். ராஜமோகன் 4130 ராமானுஜன் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தது காவலூரின் ஷ்மிட் தொலைநோக்கியில். அகன்ற புலத்தில் கோமா வராதபடி அமைந்த வகை அது.

ஆக, வால் நிஜம். தேர்வில்தான் இவர் வழுக்குகிறார். உலகிலேயே சிறந்த திருத்தி எது என்று கேட்கிறார். ஆடியின் எஃப் எண்ணையும் சென்சாரின் அளவையும் சொன்னாலே பட்டியலில் பாதி உதிர்ந்துவிடும். டெலிவியூ பாராகார் என்ற திருத்தி பிம்பத்தை 1.15 மடங்கு பெரிதாக்கும். எஃப்/4 அதில் எஃப்/4.6 ஆகி, ஒளி சேர்க்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பாடர் எம்பிசிசி அளவை மாற்றாது. ஆனால் எளிய அமைப்புள்ள திருத்திகள் சில, வேகமான ஆடிகளில் ஓரத்தைச் சீராக்கிவிட்டு நடுவைக் கொஞ்சம் மங்கலாக்கிவிடும். இதையெல்லாம் ஒரு மாலையில் முடித்துவிடலாம். முடிக்காமல் இவர் அட்டவணை போடுகிறார், வண்ணம் தீட்டுகிறார், பிறகு அட்டவணைக்கே ஒரு அட்டவணை போடுகிறார். பணம் போட்டுத் தவறாக வாங்கிவிடக்கூடாதே என்பது நியாயமான பயம்தான். ஆனால் பணத்தைக் காப்பாற்றுவது அட்டவணை அல்ல, அளவுகோல். திருத்திக்கும் சென்சாருக்கும் நடுவே பெரும்பாலும் 55 மில்லிமீட்டர் வேண்டும்; இடையில் வடிகட்டி செருகினால் அதன் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். அதற்கும் முன்னால் ஆடிகள் நேர்கோட்டில் இருக்க வேண்டும். நாலு மூலையிலும் வால் மையத்தை விட்டு வெளிப்பக்கமாக ஒரே அளவில் நீண்டால்தான் அது வெறும் கோமா. வலது கீழ் மூலையில் மட்டும் நீண்டு, இடது மேல் மூலை வட்டமாக இருந்தால், ஆடி விலகியிருக்கிறது அல்லது கேமரா சாய்ந்திருக்கிறது. எந்தக் கம்பெனித் திருத்தியும் அதைத் திருத்தாது. திருகைத் திருப்பினால் போதும், செலவும் இல்லை. செலவில்லாத வைத்தியத்தில் இவருக்கு நம்பிக்கை கிடையாது. தையிலிருந்து பங்குனி வரை வானம் தெளிந்து கிடக்கும், அட்டவணை வளரும். ஆர்டர் போவது சித்திரைக் கடைசியில், பெட்டி வந்து இறங்குவது ஆனியில், தென்மேற்குப் பருவ மேகத்தோடு.